1984 விதிகள் இன்றைய வயலுக்குப் போதுமா? காரா சட்டம், ஓடைக்கரை, கரும்புச் சரிவு

கேள்வி, தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் டர்பனுக்கு அருகே வெருலம் பக்கத்து வாசகர் ஒருவரிடமிருந்து:

"எங்கள் நிலத்தின் அடியில் ஓடை ஓடுகிறது. அதிகாரி வந்து பார்த்துவிட்டு, ஓடையிலிருந்து 10 மீட்டர் விட வேண்டும், மேலே 20-க்கு மேல் சரிவு உள்ள இடத்தில் கரும்பு வைக்கக் கூடாது என்கிறார். பக்கத்துப் பெரிய தோட்டத்தில் கரும்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சட்டம் எங்களுக்கு மட்டும்தானா? நாற்பது வருஷத்துப் பழைய விதியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? எடுத்துவிடலாமே."

2023 மார்ச் 4

எடுத்துவிடக் கூடாது அண்ணா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சொல்வது 1983-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் சட்டம், விவசாய வளப் பாதுகாப்புச் சட்டம். ஆங்கிலச் சுருக்கமாகக் காரா என்றால்தான் இங்கே யாருக்கும் தெரியும். சட்டமும் அதன் விதிமுறைகளும் 1984 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிமுறைகளைத் தயவுசெய்து ஒரு தடவை நீங்களே படித்துப் பாருங்கள். அதிகாரி வாயால் சொன்னதற்கும் தாளில் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஓடையிலிருந்து 10 மீட்டர் என்று அதில் இல்லை. ஓடையில் வெள்ளம் வந்தால் எதுவரை பரவுமோ அந்தப் பரப்பு, அதற்கும் வெளியே கிடைமட்டமாக 10 மீட்டர். அதற்குள் அனுமதி எழுத்தில் வாங்காமல் உழக் கூடாது. வெள்ளப் பரப்பு என்பது பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் மூழ்கடிக்கும் இடம். அது எது என்று முடிவு செய்வது அதிகாரியின் கருத்து. அளவு நாடா பிடிக்கும் முன்பே வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பக்கத்துத் தோட்டம் எப்படித் தப்பியது என்றும் கேட்டீர்கள். விதி வந்த நாளில் ஏற்கெனவே உழவில் இருந்த நிலத்துக்கு, மண்ணரிப்புக்குச் சரியான தடுப்பு இருந்தால், இந்தத் தடை பொருந்தாது. 1984-க்கு முன்பே ஓடைவரை கரும்பு போட்டவருக்கு விலக்கு. 1990-களுக்குப் பிறகு நிலம் வாங்கித் தரிசை உடைத்தவருக்கு விதி முழுசாக வரும். பெரிய தோட்டக்காரர் சட்டத்தை மீறுகிறார் என்று சொல்ல முடியாது. விதியே அவருக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

2023 மார்ச் 5

நேற்று எழுதியதில் சரிவைப் பற்றிச் சொல்லவில்லை. "எங்கள் மேட்டில் 20 டிகிரி வராது, அப்புறம் என்ன" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். விதியில் இருப்பது டிகிரி இல்லை தம்பி, சதவீதம். 100 மீட்டர் கிடைமட்டமாகப் போனால் 20 மீட்டர் உயரம் ஏறும் சரிவு. டிகிரியில் சொன்னால் 11 சொச்சம்தான். 20 டிகிரி என்றால் 36 சதவீதம் ஆகிவிடும். அந்தச் சரிவில் கரணை ஊன்றினால் முதல் மழைக்கே பாதி கீழே வந்துவிடும்.

அளப்பதற்குக் கருவி வேண்டாம். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று, இரண்டு கம்பு. குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் கம்பில் கட்டி, 10 மீட்டர் தள்ளி ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நீர்மட்டம் நிற்கும் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து கழித்தால், 2 மீட்டர் வித்தியாசம் வந்தால் 20 சதவீதம். காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா இப்படித்தான் வரப்பு போட இடம் குறித்தார். இப்போது கைப்பேசியில் செயலி இருக்கிறது, ஆனால் அது கை ஆடுவதையும் சேர்த்து அளக்கிறது.

சில மாவட்டங்களில், சில மண் வகைகளுக்கு வரம்பு 12 சதவீதம் என்றும் விதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. உங்கள் நிலம் அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

2023 மார்ச் 11

நம் ஆட்கள் ஏன் ஓடைக்கரையில் வந்து உட்கார்ந்தார்கள் என்பதைப் பேசாமல் இந்த 10 மீட்டரைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மதராசிலிருந்து டர்பன் வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் காய்கறித் தோட்டம் போட்டார்கள். மேட்டு நிலமும் நல்ல நிலமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஆற்றோர வண்டல், அதுவும் வாடகைக்கு. உம்கேனி ஆற்றங்கரையில் ஸ்பிரிங்ஃபீல்ட் சமவெளி முழுக்க நம் தோட்டங்கள். 1917 அக்டோபரில் ஆறு பொங்கி அந்தச் சமவெளியையே அடித்துக்கொண்டு போனது. பெருவலை போட்டு மீன்பிடித்துப் பிழைத்த படவட்டான் குடும்பத்து ஆட்கள் ஆறு பேர், ஒரு படகை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அந்த வெள்ளத்துக்குள் போய் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். டர்பனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் மண் பாதுகாப்புத் துறையை நடத்திய ஹியூ ஹாமண்ட் பென்னெட் 1944-இல் இங்கே வந்து நாட்டைச் சுற்றிப் பார்த்து மண்ணரிப்பு பற்றி அறிக்கை எழுதினார். 1946-இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விவசாயிகள் குழு, மாவட்டம், மானியம் எல்லாம் அதில் ஏற்பாடு. அதே 1946-இல்தான் இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம் என்று கட்டிப்போடும் ஆசியர் நிலவுரிமைச் சட்டமும் வந்தது. ஒரு கையால் மண்ணைக் காப்பாற்ற வெள்ளைக்கார விவசாயிக்குப் பணம், இன்னொரு கையால் நமக்கு நிலமே இல்லை. மேட்டில், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போகும் சமஉயர வரப்பும், அதன் தண்ணீரைக் கீழே இறக்கும் புல் வாய்க்காலும் அரசு உதவியோடு வந்தன. பள்ளத்தில் நம் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள்.

ஆகவே "ஓடைக்கரையை விட்டு விலகு" என்கிற விதி நியாயமானது, ஆனால் அது யார் தலையில் முதலில் விழுகிறது என்று பார்க்காமல் எழுதப்பட்டது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

2023 மார்ச் 12

"எனக்கு 32 மீட்டர் என்றார்களே" என்று கேட்டவருக்கு: அது வேறு சட்டம். சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2014-இல் வந்த தாக்க மதிப்பீட்டு விதிகளில், நீர்வழியிலிருந்து 32 மீட்டருக்குள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கட்டடம், கட்டுமானம் வந்தால் அனுமதி வேண்டும். பம்ப் கொட்டகை, பண்டகசாலை கட்டுகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும். உழவுக்கு காராவின் 10 மீட்டர். அதே 2014 விதிகளில், இயற்கையாக வளர்ந்த உள்நாட்டுத் தாவரங்களை 1 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் அழித்தால் மதிப்பீடு வேண்டும், 20 ஹெக்டேரைத் தொட்டால் இன்னும் பெரிய மதிப்பீடு. காரா தரிசு உடைக்கத் தனி அனுமதி கேட்கிறது. இரண்டு துறை, இரண்டு விண்ணப்பம், ஒரே நிலம்.

2023 மார்ச் 25

போன வருஷ வெள்ளத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

2022 ஏப்ரல் 11, 12. மவுண்ட் எட்ஜ்கம் பக்கம் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, ஊர் மாதக் கணக்கில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றது. அந்தச் சாவுகளுக்கு முன்னால் என் வயல் ஒன்றுமில்லை. ஆனாலும் இங்கே பேசுவது வயலைப் பற்றி என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மேல் வயலில் மூன்று சமஉயர வரப்புகள். மேலிருந்த இரண்டு நின்றன. மூன்றாவது உடைந்தது. உடைந்த இடம் வரப்பின் நடுவில் இல்லை. வரப்பு கொண்டுவந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கும் மூலையில். அங்கே புல் அடர்த்தியாக இல்லை, டிராக்டர் திரும்பித் திரும்பி மண் இறுகிப் போயிருந்தது. தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்காமல் பக்கவாட்டில் கரும்புக்குள் பாய்ந்து, ஆள் உயரத்துக்கு ஒரு டோங்கா, அதாவது அரிப்புப் பள்ளம், வெட்டிவிட்டது. கீழே மிளகாய்ப் பாத்தி இருந்த இடத்தில் முழங்கால் அளவு சேறு. அது எங்கள் மேல் வயல் மண்தான். வருஷக் கணக்காக எரு போட்டு வளர்த்த மண்.

ஓடையோரம் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே அப்பா காலத்திலிருந்தே உழவில்லை. நாணலும் கோரையும் நீர்மரங்களும் நின்றன. தண்ணீர் அவற்றின் தலைக்கு மேல் போயிற்று, வடிந்தபோது எல்லாம் படுத்துக் கிடந்தன, ஆனால் கரை அப்படியே இருந்தது. எதிர்க்கரையில் கரும்பு ஓடைவரை இருந்த நிலத்தில் கரை பல அடி உள்ளே தள்ளிப்போய்விட்டது. அதனால்தான் முதல் நாளே எடுத்துவிடக் கூடாது என்று எழுதினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விதியில் 10 மீட்டர் என்ற எண் பிரச்சினை இல்லை. "பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்று அதற்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. அந்தக் கோடு எந்த மழையை வைத்துப் போட்டது? 1984-க்கு முன் பதிவான மழையை வைத்துத்தானே? மேலே வீடுகளும் தார்ச்சாலையும் வந்த பிறகு அதே மழைக்கு ஓடையில் வரும் தண்ணீர் அதிகம். கோடு நகர்ந்துவிட்டது, தாள் நகரவில்லை. 10 மீட்டரைப் பழைய கோட்டிலிருந்து அளந்தால் சில இடங்களில் இன்றைய வெள்ளத்துக்குள்ளேயே நிற்போம்.

2023 மார்ச் 26

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படிக்க: வரப்பு முடியும் மூலைக்கு நான் இப்போது வெட்டிவேர் வைத்திருக்கிறேன். நெருக்கமாக, ஒற்றை வரிசையாக. கரும்புக்குள் பரவாது, வேர் நேராகக் கீழே போகும். வாய்க்காலின் அடியில் கிக்குயு புல். டிராக்டர் திரும்ப வேறு இடம். செலவு நாற்றுக்கு ஆனதைவிட ஆள் கூலிக்குத்தான் அதிகம் ஆனது.

2023 ஏப்ரல் 2

"அமெரிக்காவில் எப்படி?" என்று ஒருவர். பிள்ளை அங்கே படிக்கிறானாம்.

அங்கே இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்று விவசாயத் துறைக்குக் கீழ் ஒரு அமைப்பு. பென்னெட் 1935-இல் மண் பாதுகாப்புச் சேவையாகத் தொடங்கியதுதான், 1994-இல் பெயர் மாறியது. ஒவ்வொரு நடைமுறைக்கும் ஒரு எண்ணும் தனித் தரமும் வைத்திருக்கிறார்கள். சமஉயர உழவு 330, மூடுபயிர் 340, புல் வாய்க்கால் 412, வரப்புத் தளம் 600, உர மேலாண்மை 590. ஒவ்வொன்றிலும் நோக்கம், எந்த நிலத்துக்குப் பொருந்தும், குறைந்தபட்ச அளவுகள், பராமரிப்பு என்று சில பக்கங்கள். புல் வாய்க்கால் என்றால், பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் 24 மணி நேர மழையின் உச்ச ஓட்டத்தையாவது தாங்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது.

எனக்குப் பிடித்தது அந்த எண்கள் இல்லை. அவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். மாற்றப்போகும் தரத்தின் வரைவை அரசிதழில் அறிவித்து, கருத்துச் சொல்ல நாள் கொடுக்கிறார்கள். 2018-இல் வந்த அவர்களுடைய பண்ணைச் சட்டம் எல்லாத் தரங்களையும் மறுஆய்வு செய்யச் சொன்னது. தேசியத் தரத்தை அப்படியே திணிக்காமல் அந்தந்த மாநிலம் தன் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றபடி இன்னும் கடுமையாக்கிக்கொள்ளலாம்.

இங்கே காரா விதிகளில் பெரிய திருத்தம் என்று என் நினைவில் நிற்பது 2001-இல் வந்த களை, அயல்தாவரப் பட்டியல். சரிவு, வெள்ளப் பரப்பு இரண்டும் 1984-இல் எழுதியபடியே நிற்கின்றன.

2023 ஏப்ரல் 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் "அப்படியானால் அமெரிக்க முறையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்கிறார்கள். ராத்திரி அதையே யோசித்தேன். அவ்வளவு லேசாக ஒப்பிட முடியாது.

அங்கே அந்தத் தரம் பெரும்பாலும் பணத்தோடு வருகிறது. விவசாயி தானாக முன்வந்து வாய்க்கால் போடுகிறார், தரப்படி போட்டால் செலவில் ஒரு பங்கை அரசு தருகிறது. தரம் என்பது பணம் வாங்குவதற்கான நிபந்தனை. இங்கே விதி என்பது சட்டம், மீறினால் குற்றம். காராவிலும் மண் பாதுகாப்புத் திட்டங்களுக்கு உதவி தர இடம் இருக்கிறது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் சின்ன விவசாயி யாரும் வரப்புக்கென்று அரசுப் பணம் வாங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் உடைந்த வரப்புக்கு உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம், பதில் இல்லை.

தண்டனை மட்டும் இருந்து உதவி இல்லாத தரத்தைப் புதுப்பித்தால் தண்டனைதான் புதுசாகும். இதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

2023 ஏப்ரல் 16

வெட்டும் முன் கரும்பை எரிப்பது பற்றி நிறையக் கேள்விகள். சுருக்கமாக முடியாது.

மவுண்ட் எட்ஜ்கம்பில் இருக்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1939-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு பக்கம் எரித்து வெட்டுவது, இன்னொரு பக்கம் எரிக்காமல் வெட்டிச் சோகையை வயலிலேயே பரப்புவது. இன்னும் நடக்கிறது. உலகத்தில் இத்தனை வருஷம் ஓடும் வேறு கரும்புச் சோதனை கிடையாது. அது காட்டுவது நம் பெரியவர்கள் கண்ணால் பார்த்ததுதான்: சோகை மூடிய மண்ணில் ஈரம் நிற்கும், மட்கு கூடும், மழைத்துளி மண்ணை நேராக அடிக்காது. சரிவு நிலத்துக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எல்லாரும் ஏன் எரிக்கிறோம்? வெட்டுகிறவர்களிடம் கேளுங்கள். எங்கள் பக்கம் வெட்டுவது சூலு ஆட்களும் கிழக்குக் கேப்பிலிருந்து வரும் போண்டோ ஆட்களும். கூலி டன் கணக்கு. எரித்த கரும்பில் வேகமாக வெட்டலாம், சோகை கிழிக்காது, பாம்பு பயமில்லை. பச்சையாக வெட்டச் சொன்னால் அதே உழைப்புக்கு டன் குறைகிறது, வீட்டுக்குப் போகும் பணம் குறைகிறது. நான் மேல் வயலில் பச்சையாக வெட்டும்போது டன்னுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறேன். அந்த வயலில் களைக்கொல்லிக்கு மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி அங்கே போகிறது, மீதி என் கையிலிருந்து.

"எரிக்காதே" என்று ஒரு வரி எழுதுவது சுலபம். அந்த வரிக்கு அடுத்த வரியில் வெட்டுகிறவரின் கூலி வர வேண்டும். வராவிட்டால் மண்ணைக் காப்பாற்றிய பெருமை எனக்கு, நஷ்டம் அவருக்கு. அப்படி ஒரு தரத்தை நான் ஏற்க மாட்டேன்.

நடுவழி ஒன்று உண்டு: 12 சதவீதத்துக்கு மேல் சரிவான துண்டுகளை மட்டும் பச்சையாக வெட்டுவது, சமதளத்தில் இப்போதைக்குக் காற்றைப் பார்த்து எரிப்பது. ஊர்ப் பக்கமும் நெடுஞ்சாலைப் பக்கமும் எரிக்கவே கூடாது. டோங்காட்டில் துணி காயப்போடும் அம்மாக்களைக் கேட்டால் அந்தக் கரித்தூள் பற்றிச் சொல்வார்கள்.

2023 ஏப்ரல் 17

சணப்பைப் பசுந்தாள் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: ஆமாம், கரும்பைப் பிடுங்கிவிட்டு மறு நடவுக்கு முன் விதைக்கலாம். பூ பிடிக்கும்போது மடக்கிவிடுங்கள், உழ வேண்டாம். பிடுங்குவதற்குப் பதில் பழைய கரும்புக் கட்டையைக் களைக்கொல்லியால் கொன்றுவிட்டு வரிசைகளுக்கு நடுவே நட்டால் மண்ணைப் புரட்டவே தேவையில்லை. சரிவு நிலத்தில் வயல் வெறுமையாகக் கிடக்கும் அந்தச் சில வாரங்கள்தான் மிக ஆபத்து.

2023 ஏப்ரல் 23

மார்ச் 25 குறிப்பில் கோரை என்று எழுதியிருந்தேன். "கோரை விட்டால் பூச்சி வரும்" என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். நேர் எதிர்.

எல்டானா என்ற தண்டுத் துளைப்பான் நம் கரும்புக்கு முதல் எதிரி. அது கரும்புக்குப் புதுசு, அதன் பழைய வீடே ஆற்றோரக் கோரையும் பாப்பிரஸும்தான். ஓடைக்கரையில் கோரை இருந்தால் தாய்ப்பூச்சி அங்கே போய் முட்டையிடும், அங்கே அதைத் தின்னும் உயிர்களும் இருக்கும். வயலோரத்தில் மெலினிஸ் என்ற வெல்லவாசப் புல் வைத்தால் அந்த வாசனை பூச்சியைக் கரும்பிலிருந்து விரட்டும். தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று. ஆராய்ச்சி நிலையமே இதைப் பரிந்துரைக்கிறது. சதுப்பை வடிகட்டிக் கரும்பு போட்டபோது அந்தப் பூச்சியின் வீட்டையும் சேர்த்து அழித்தோம், அது நம் வீட்டுக்கு வந்துவிட்டது.

10 மீட்டர் வெறுமனே இழந்த நிலம் இல்லை என்பதற்கு இது போதும். தரத்தை எழுதுகிறவர்கள் "விலகி நில்" என்று மட்டும் எழுதாமல், விலகிய இடத்தில் என்ன வளர வேண்டும், அதனால் உனக்கு என்ன லாபம் என்று எழுதினால் பாதிப் பேர் தானாகவே செய்வார்கள்.

2023 மே 1

வேம்பு மாதிரி இலை கொண்ட சிரிங்கா மரத்தை வைப்பதா வெட்டுவதா என்று சண்டை போட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் சரி.

வேம்பு இல்லாத ஊரில் நம் ஆயாமார் சிரிங்காவைத்தான் வேம்பாக்கினார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் சிரிங்காக் கொத்து. மாரியம்மனுக்கும் அதே இலை. ஆனால் அது அயல்மரம், ஓடைக்கரையில் பறவை போட்ட விதையிலிருந்து முளைத்து உள்நாட்டு மரத்தை அடைத்துக்கொள்கிறது. அயல்தாவர விதிகளில் அதற்கு 1பி வகை, கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டும். ஊர்ப் பகுதிக்குள் 3-ஆம் வகை, இருக்கும் மரம் இருக்கலாம், புதிதாக நடக் கூடாது.

ஓடையோரத்தில் இருந்தவற்றை நான் வெட்டிவிட்டேன். அடிக்கட்டையில் மருந்து தடவாவிட்டால் மறுபடி துளிர்க்கும். கோயில் தேவைக்கு என்ன செய்வது? நிஜ வேம்பு வடகடற்கரை வெப்பத்தில் வளர்கிறது. எங்கள் கோயில் குழு இரண்டு கன்று வைத்திருக்கிறது, உறைபனி இல்லாத இடம் பார்த்து. உங்கள் கோயிலும் வைக்கலாம். லாந்தானா, டிரிஃபிட் என்ற இரண்டு அயல்களைகளுக்கும் இந்தத் தயக்கமே வேண்டாம், பார்த்த இடத்தில் வேரோடு எடுங்கள்.

2023 மே 7

மடும்பி, அதாவது சேப்பங்கிழங்கு. இதை எழுதாமல் விட்டால் ஆயா கனவில் வந்து கேட்பார்.

சேப்பங்கிழங்குக்கு ஈரம் வேண்டும். நம் வீடுகளிலும் சூலு வீடுகளிலும் வ்லெய் என்று இங்கே சொல்லும் சதுப்பு ஓரத்தில் சின்னச் சின்ன மேட்டுப் பாத்தி போட்டு மடும்பி வைப்பார்கள். எஷோவே பக்கம் ம்போங்கோல்வானே சதுப்பில் தலைமுறை தலைமுறையாக அப்படிச் செய்கிறார்கள். வடிகால் வெட்டுவதில்லை, டிராக்டர் இறங்குவதில்லை, பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே நாணல் நிற்கும், சில வருஷம் கழித்து அந்த இடத்தைக் காயவிட்டு வேறு இடம் போவார்கள். இது பற்றி நீர் ஆராய்ச்சி ஆணையத்தின் சதுப்பு வழிகாட்டிகளில் நல்லபடியாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் காரா விதிப்படி சதுப்பில் அனுமதி இல்லாமல் உழுவது உழுவதுதான். மண்வெட்டியால் நாலு பாத்தி போட்ட கிழவியும், அகழி வெட்டிச் சதுப்பையே வற்ற வைத்து 30 ஹெக்டேர் கரும்பு போட்டவரும் ஒரே வரிக்குள் வருகிறார்கள். அவர் 1984-க்கு முன் செய்திருந்தால் அவருக்கு விலக்கு வேறு.

கணக்கும் பாருங்கள். 2 ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு ஓடையோரம் 200 மீட்டர் நீளம் என்றால், 10 மீட்டர் பட்டை 2,000 சதுர மீட்டர். நிலத்தில் பத்தில் ஒரு பங்கு. 200 ஹெக்டேர்காரருக்கு 2 கிலோமீட்டர் ஓடை இருந்தாலும் அது நூற்றில் ஒரு பங்கு. எண் ஒன்று, சுமை ஒன்றில்லை.

முதலில் நான் நினைத்தது, சின்ன நிலத்துக்கு 5 மீட்டர் போதும் என்று குறைத்துவிடலாம் என்பது. எதிர்க்கரை உடைந்ததை நினைத்தால் அதுவும் சரிப்படவில்லை. தண்ணீருக்கு நிலம் யாருடையது, எத்தனை ஹெக்டேர் என்று தெரியாது. ஆகவே நிலம் எத்தனை ஹெக்டேர் என்று பார்த்து அகலத்தை மாற்றக் கூடாது. சின்னவருக்கு அந்தப் பட்டையில் உழாமல் செய்யக்கூடியது எது என்று விரிவாக இடம் கொடுக்க வேண்டும்: மடும்பிப் பாத்தி, பாய் முடையக் கோரை வெட்டுவது, தேன்பெட்டி, மாட்டுக்குப் புல் அறுப்பது. சரிவு, மண், மேலே நடக்கும் வேலை எல்லாம் பார்த்து இடத்துக்கு இடம் அகலம் கணிக்கும் முறை ஒன்றும் அதே ஆணையத்தின் வெளியீட்டில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் சில இடத்தில் 10 கூடும், சில இடத்தில் குறையும். காரணம் தாளில் இருக்கும், யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

2023 மே 20

"எல்லாம் வீடாகப் போகிறது, வரப்பு எதற்கு" என்று ஒரு பெரியவர். ஐயா, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. லா மெர்சியில் 2010-இல் விமான நிலையம் திறந்த இடம் முழுக்கக் கரும்பாக இருந்தது. விவசாய நிலத்தைத் துண்டு போடுவதைத் தடுக்க 1970-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டம்தான் இத்தனை காலம் காவலாக இருந்தது, அதற்குப் பதிலான மசோதா 2021-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆனால் வரப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். மேலே கான்கிரீட் வந்த பிறகு கீழே இருக்கிற வயல்தான் அந்தத் தண்ணீரை வாங்குகிறது. வரப்பு இப்போதுதான் அதிகம் வேண்டும்.

2023 ஜூன் 4

நாங்கள் அக்கம்பக்கத்துச் சின்ன விவசாயிகள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம், மாகாண விவசாயத் துறைக்கும் தேசியத் துறைக்கும். தமிழர், சூலு, இரண்டு இந்தி வீட்டார். சூலுவிலும் ஆங்கிலத்திலும் போகிறது. கேட்டிருப்பது இவை.

வெள்ளப் பரப்பின் கோட்டை இன்றைய மழை, இன்றைய கட்டடங்களை வைத்துப் புதிதாகப் போட வேண்டும், வரைபடத்தை விவசாயி பார்க்கும்படி வைக்க வேண்டும், அதிகாரியின் கருத்தில் மட்டும் விடக் கூடாது. 1984-க்கு முந்தைய உழவு என்ற விலக்கை ஒரே நாளில் வெட்டாமல், மறு நடவு வரும்போது ஓடையோர வரிசைகளைத் திரும்ப நடாமல் விடும்படி முடிக்க வேண்டும். கரும்பு ஒரு தடவை நட்டால் மறுதாம்பு பல வருஷம் நிற்கும் என்பதால் யாருக்கும் திடீர் நஷ்டம் வராது, பெரிய தோட்டமும் மறுக்க முடியாது. சதுப்பில் கையால் போடும் மேட்டுப் பாத்தியையும் வடிகால் வெட்டுவதையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும். வரப்பு, வாய்க்கால், வெட்டிவேர் வைக்கச் செலவில் பங்கு வேண்டும். பச்சை வெட்டுக்கான கூலியை ஆலை, விவசாயி, வெட்டுகிறவர் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். விதிகளை இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்று விதியிலேயே எழுத வேண்டும், அமெரிக்காவில் ஐந்து வருஷம் என்கிறார்கள், நமக்கும் அது ஒத்துவரும். வரைவு வந்தால் சூலுவில் வர வேண்டும், கூட்டம் வெட்டுப் பருவத்தில் வைக்கக் கூடாது. ஏப்ரலிலிருந்து டிசம்பர்வரை வைத்தால் எவன் வருவான்?

வெருலம் அண்ணா, உங்கள் பெயரையும் சேர்க்கலாமா? 1984-க்கு முன் உங்கள் நிலத்தில் என்ன இருந்தது என்பதற்குப் பழைய வான்படம் கிடைக்கும், நில அளவைத் துறையிடம் கேளுங்கள். அது கையில் இருந்தால் அடுத்த தடவை அதிகாரி வரும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும். குழாயும் கம்பும் வேண்டுமானால் சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.